எக்ஸ்-29: சாதாரண பாக்ஸ்கார் கிட்டை நிஜப் பெட்டியின் நகலாக மாற்றுவது

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு 1924இல் தொடங்கி சுமார் பத்தாண்டுகளில் எக்ஸ்-29 என்ற வகையில் ஏறத்தாழ 30,000 இரும்பு பாக்ஸ்கார்களை, அதாவது கூரையும் பக்கக் கதவும் உள்ள மூடிய சரக்குப் பெட்டிகளை, கட்டியது. அன்றைய அமெரிக்காவில் சரக்குப் பெட்டிகள் சொந்த ரயில் நிறுவனத்தின் தடத்தில் மட்டும் நிற்பதில்லை. சரக்கு எங்கே போகிறதோ அங்கெல்லாம் அவையும் போகும். அதனால் நீங்கள் எந்த நிறுவனத்தின் தடத்தை மாடலாகச் செய்தாலும், காலம் 1925க்கும் 1960க்கும் இடையில் இருந்தால் ஒன்றிரண்டு எக்ஸ்-29 அங்கே நிற்பது நியாயம். பழைய ட்ரெயின் மினியேச்சர் கிட், பிறகு வந்த ரெட் கபூஸ் கிட் என்று எச்ஓ அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) இதற்கு நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டுகளும் உண்டு.

பெட்டி மேல் "எக்ஸ்-29" என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது நிஜ எக்ஸ்-29 ஆகிவிடாது. 30,000 பெட்டிகளும் ஒரே மாதிரி கட்டப்படவில்லை. கட்டிய பிறகும் முப்பது வருஷம் பழுது பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறிக்கொண்டே வந்தது. கிட்காரர் ஏதோ ஒரு தோற்றத்தைத் தேர்ந்தெடுத்து அச்சு செய்திருப்பார், அவ்வளவுதான். ஆகவே நாம் செய்யப்போவது "ஒரு எக்ஸ்-29" அல்ல. ஒரு குறிப்பிட்ட எண் கொண்ட பெட்டி, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படி. இந்த முடிவை முதலில் எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். இந்த வழிகாட்டியில் நான் 1950களின் தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் படம், அப்புறம் கத்தி

எண் தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படம் வேண்டும். பக்கவாட்டை நேராகக் காட்டும் படம் சிறப்பு. கூடவே பிரேக் சக்கரம் உள்ள முனையைக் காட்டும் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கர்கள் அந்த முனையை பி முனை என்றும், எதிர் முனையை ஏ முனை என்றும் சொல்வார்கள். அதே பெட்டிக்கு முனைப் படம் கிடைக்காவிட்டால், அதே எண் வரிசையில் பக்கத்து எண் பெட்டியின் படம் உதவும். வெகுதூரம் தள்ளிப் போனால் நம்ப முடியாது.

படத்தை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கேள்வி கேளுங்கள். கூரை நடைபாதை மரப் பலகையா, இரும்புச் சல்லடையா? முனை தட்டையான தகடா, மடிப்புகள் உள்ளதா? பிரேக் சக்கரம் கூரைக்கு மேலே செங்குத்துத் தண்டின் உச்சியில் படுத்திருக்கிறதா, முனைச் சுவரில் நிமிர்ந்து நிற்கிறதா? கதவு எந்த வகை? பக்கத் தகட்டின் அடியில் ஒட்டுத் தகடு உண்டா? எந்த ட்ரக் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்)? ஏணியில் எத்தனை படி? விடையை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே கிட்டில் என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

எக்ஸ்-29இல் முக்கிய வேறுபாடுகள் இவை. ஆரம்ப காலப் பெட்டிகளுக்கு ரிவெட் அடித்த தட்டையான தகட்டு முனை, மூன்று பலகங்களாகப் பிரிந்த கிரெக்கோ கதவு, கே வகைக் காற்று பிரேக். பிற்காலத்தில் கட்டியவற்றில் மடிப்பு உள்ள டிரெட்நாட் முனையும், படுக்கை மடிப்புகள் கொண்ட யங்ஸ்டவுன் கதவும் வந்தன. பிறகு பழைய பெட்டிகளிலும் கதவு மாறியது, பிரேக் மாறியது. தட்டை முனையோடு யங்ஸ்டவுன் கதவும் ஏபி என்ற புதிய வகைக் காற்று பிரேக்கும் சேர்ந்து நிற்கும் பெட்டியைப் பார்த்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எச்ஓ அளவில் நிஜத்தின் ஓர் அடி 3.5 மி.மீ. எக்ஸ்-29இன் உள் உயரம் 8 அடி 7 அங்குலம். 1940களில் பரவலான ஏஏஆர் (அமெரிக்க ரயில்ரோடுகள் சங்கம்) வடிவமைப்புப் பெட்டியின் உள் உயரம் 10 அடி 6 அங்குலம். வித்தியாசம் ஒரு அடி 11 அங்குலம், அதாவது மாடலில் 6.7 மி.மீ. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கையில் இருப்பது 10 அடி 6 அங்குலக் கிட் என்றால் அதை எக்ஸ்-29 ஆக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அதன் உயரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் பொருந்தும் வேறு நிஜப் பெட்டியைத் தேடுங்கள். பெட்டியின் உயரமும் பக்கத் தகடுகளின் ரிவெட் வரிசையும் கிட்டின் எலும்பு மாதிரி. அவை சரியாக இருந்தால்தான் மற்ற வேலைக்கு அர்த்தம் உண்டு. கதவு, அடியிலுள்ள ஒட்டுத் தகடு, கைப்பிடி, ஏணி, நடைபாதை, பிரேக், ட்ரக் எல்லாம் மாற்றக்கூடியவை. முனையும் கூரையும் நடுத்தரம்: முடியும், ஆனால் ரம்பம் எடுக்க வேண்டும்.

ஏஏஆர் பெட்டிகளுக்கு இங்கே ஒரு சின்னத் தகவல். டிரெட்நாட் முனை இரண்டு தகடுகளை மேலும் கீழுமாகச் சேர்த்தது. மேல் தகட்டில் எத்தனை மடிப்பு, கீழ்த் தகட்டில் எத்தனை என்று எண்ணினால் உயரம் தெரிந்துவிடும். 1937 வடிவமைப்பின் 10 அடி உள் உயரப் பெட்டியில் மேலே நான்கு, கீழே ஐந்து. 10 அடி 6 அங்குலப் பெட்டியில் ஐந்தும் ஐந்தும். மங்கலான படத்திலும் இதை எண்ணிவிடலாம்.

எக்ஸ்-29க்குத் திரும்புவோம். தட்டை முனை உள்ள கிட் கையில் இருந்தால், தட்டை முனை உள்ள நிஜப் பெட்டியையே தேர்ந்தெடுங்கள். முனையை அறுத்து மாற்றுவது வீரம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான தட்டை முனைப் பெட்டிகள் இருந்தபோது அந்த வீரத்துக்குத் தேவை இல்லை. அந்த நேரத்தைக் கைப்பிடிகளில் செலவழித்தால் பலன் அதிகம்.

கருவிகள்

கூர் முனைக் கத்தி, உளி வடிவ பிளேடு, நுண்ணிய மணல் தாள், 0.1 மி.மீ. வரை காட்டும் கேலிப்பர், துளை ஊசியைப் பிடித்துக் கையால் திருகும் பின் வைஸ், 78 முதல் 80 வரை எண்ணுள்ள துளை ஊசிகள். 80ஆம் எண் 0.0135 அங்குலம், 79ஆம் எண் 0.0145, 78ஆம் எண் 0.016. இவை எளிதில் ஒடியும். கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்குத் திரவ ஸ்டைரீன் (கிட் செய்யும் பிளாஸ்டிக் வகை) பசை, கம்பிக்கும் உலோகத்துக்கும் சூப்பர் குளூ. எவர்கிரீன் ஸ்டைரீன் தகட்டில் 0.005, 0.010 அங்குலத் தடிமன்கள் போதும்.

வார்த்த விவரங்களைச் சீவுதல்

பழைய கிட்டுகளில் ஏணியும் கைப்பிடிகளும் பக்கத் தகட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். தூரத்தில் பரவாயில்லை, கிட்டத்தில் பார்த்தால் சுவரில் ஒட்டிய கோடு மாதிரி இருக்கும். இவற்றை எடுப்பதுதான் முழு வேலையிலும் தோற்றத்தை அதிகம் மாற்றும் படி. ஆகவே இங்கே அவசரம் கூடாது.

சீவுவதற்கு முன் ஒவ்வொரு கைப்பிடியின் இரு முனைகளிலும் ஊசி நுனியால் சின்னக் குழி போடுங்கள். சீவிய பிறகு துளை எங்கே போடுவது என்று தேட வேண்டியிருக்காது. ஆனால் கிட்காரர் வைத்த இடம் சரிதானா என்று படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். உளி பிளேடின் தட்டையான பக்கம் தகட்டைத் தொடும்படி வைத்து, மெல்லிய மெல்லிய சீவல்களாக எடுங்கள். கடைசி மயிரிழையைக் கத்தியால் எடுக்காமல், தீக்குச்சி அகலத்துக்கு வெட்டிய மணல் தாளால் தேயுங்கள். பக்கத்தில் ரிவெட் வரிசை இருந்தால் அதன் மேல் மெல்லிய பிசின் நாடா ஒட்டிப் பாதுகாக்கலாம்.

அப்படியும் சில ரிவெட்டுகள் போகத்தான் செய்யும். ஆர்ச்சர் நிறுவனம் டிகால் (நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) தாளில் பிசினால் ஆன ரிவெட் புடைப்புகளை அச்சிட்டு விற்கிறது. மற்ற டிகால் மாதிரியே நீரில் நனைத்து ஒட்டலாம். பெயின்ட் அடித்த பிறகு படலம் தெரியாது. ஒட்டும் இடத்தில் முதலில் பிரைமர் பூசியிருந்தால் நன்றாகப் பிடிக்கும்.

பக்கத் தகட்டின் அடி: ஒட்டுத் தகடுகள்

எக்ஸ்-29ஐ எக்ஸ்-29 ஆகக் காட்டும் அடையாளம் இதுதான் என்பேன். பக்கத் தகட்டின் அடிப்பாகத்தில் ஈரம் தேங்கித் துரு அரித்தது. பென்சில்வேனியா பட்டறைகள் முழுத் தகட்டையும் மாற்றாமல், கெட்டுப்போன அடிப்பகுதி மேல் புதிய தகட்டுப் பட்டையைப் போர்த்தின. 1950களில் எடுத்த படங்களில் கதவின் இரு புறமும் அடியில் நீளப் பட்டையாக இது தெரியும்.

மாடலில் இதற்கு 0.005 அங்குல ஸ்டைரீன் போதும். பட்டையின் உயரத்தைப் படத்திலிருந்து அளக்க ஒரு வழி: கதவின் அகலம் 6 அடி, மாடலில் 21 மி.மீ. படத்தில் கதவு எத்தனை மி.மீ. அகலம், பட்டை எத்தனை மி.மீ. உயரம் என்று அளந்து விகிதம் போடுங்கள். பெட்டியை நேராக எடுத்த படத்தில் மட்டும் இது சரிவரும். சாய்ந்த படமானால் அகலம் சுருங்கிவிடும். அப்போது கதவின் உயரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டை வரும் இடத்தில் பழைய ரிவெட்டுகளைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பட்டையை ஒட்டும்போது பசையைத் தூரிகை நுனியில் சொட்டாக எடுத்து விளிம்பில் வையுங்கள், அது தானே உள்ளே ஊறும். அதிகம் வைத்தால் இவ்வளவு மெல்லிய தகடு கரைந்து நெளிந்துவிடும். ஒரு ராத்திரி காயவிட்டு அப்புறம் தொடுங்கள்.

கதவு

கிட்டில் கிரெக்கோ கதவு, படத்தில் யங்ஸ்டவுன் என்றால் மாற்றுவது எளிது. தனியாக ஒட்டும் கதவானால் கழற்றி வேறு வைத்தால் போதும். வார்த்ததானால் அதைச் சமமாகச் சீவிவிட்டு மேலே புதியதை ஒட்டுங்கள். உயரத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்: 10 அடிப் பெட்டிக்கான கதவு இங்கே நீளமாக இருக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். வெட்டு மடிப்பின் நடுவே விழாமல், பலகங்கள் சேரும் இடத்தை ஒட்டி விழட்டும்.

கைப்பிடி, ஏணி

நிஜக் கைப்பிடி முக்கால் அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த தடிமன் உள்ள இரும்புக் கம்பி, வழக்கமான அகலம் 18 அங்குலம். மாடலில் அகலம் 5.25 மி.மீ. தடிமனை அப்படியே குறைத்தால் 0.008 அங்குலம்தான் வரும், அது விரல் பட்டாலே வளையும். 0.010 அல்லது 0.012 அங்குலக் கம்பி நல்ல சமரசம். டிச்சி நிறுவனம் வளைத்தே விற்கிறது.

துளையிட்டு, உள்பக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி கம்பியைச் செருகுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள அட்டைத் துண்டை வைத்தால் எல்லாக் கைப்பிடியும் ஒரே தூரத்தில் நிற்கும். பசை உள்பக்கத்திலிருந்து. வெளியில் பசை தெரியவே கூடாது. முனைக்குத் தனித் துளை ஊசி, பக்கத்துக்குத் தனித் துளை ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏணியையும் இதே முறையில் தனி ஏணியாக மாற்றுங்கள். படிகளின் எண்ணிக்கை படத்தோடு பொருந்த வேண்டும்.

பிரேக்

1933க்குப் பிறகு புதிய பெட்டிகளில் ஏபி பிரேக் வந்தது. பழைய கே பிரேக் உள்ள பெட்டிகள் மற்ற ரயில்ரோடுகளின் தடத்தில் ஓடுவது 1953 நடுவில் முடிவுக்கு வந்தது. உங்கள் ஆண்டு 1954 என்றால் ஏபி கட்டாயம். 1940 என்றால் படத்தைக் கேளுங்கள்.

ஒரே கட்டியாக இருந்தால் கே: சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். ஏபியில் மூன்று தனிப் பொருட்கள்: வால்வு, இரட்டைத் தொட்டி, சிலிண்டர். குழாய்களைப் புரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலேயே பொருத்தலாம். பெட்டியின் நீளம் முழுக்க ஓடும் பிரதானக் குழாயிலிருந்து ஒரு கிளை வால்வுக்கு வரும். வால்விலிருந்து இரண்டு குழாய்கள் தொட்டிக்கு, ஒன்று சிலிண்டருக்கு, மெல்லியதாக ஒன்று பி முனையில் இருக்கும், பிரேக் காற்றைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் வால்வுக்கு. சிலிண்டர் தள்ளும் கோல் நெம்புகோலை நகர்த்தும், அங்கிருந்து கம்பிகள் இரு ட்ரக்குகளுக்கும் பிரேக் சக்கரத்துக்கும் போகும்.

இவ்வளவும் செய்ய வேண்டுமா? பெட்டி தண்டவாளத்தில் நிற்கும்போது பக்கவாட்டில் தெரிவது வால்வும் தொட்டியும் சிலிண்டரும்தான். அவற்றைச் சரியான இடத்தில் வைத்து, நீளக் கம்பிகளை மட்டும் போட்டால் போதும் என்பது என் கருத்து. ரிட்டெய்னர் குழாயை விடாதீர்கள். முனைச் சுவரில் அது நன்றாகத் தெரியும்.

கூரை

எக்ஸ்-29க்கு மர நடைபாதைதான் இயல்பு. கிட்டின் பிளாஸ்டிக் பலகை தடியாக இருந்தால், ஓரங்களை அடியிலிருந்து சாய்வாகத் தேயுங்கள், மேலிருந்து பார்க்கையில் மெல்லியதாகத் தோன்றும். கத்தி முதுகால் மர ரேகை கீற வேண்டாம். இந்த அளவில் நிஜ மர ரேகை தெரியவே தெரியாது. பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் கூர்மையாக்குங்கள். படத்தில் இரும்புச் சல்லடை தெரிந்தால் கேடீ நிறுவனம் பிளாஸ்டிக்கிலும், பிளேனோ நிறுவனம் அரித்தெடுத்த பித்தளையிலும் விற்கிறார்கள்.

ட்ரக், கப்ளர், எடை

பென்சில்வேனியாவுக்கே உரிய 2டி-எஃப்8 ட்ரக்கை பவுசர் நிறுவனம் தருகிறது. எக்ஸ்-29க்குக் கீழே அதை வைத்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். சக்கரம் 33 அங்குலம், மாடலில் சுமார் 9.6 மி.மீ. உலோகச் சக்கரம் வாங்குங்கள். சக்கரத்தின் பட்டை அகலம் வழக்கமாக 0.110 அங்குலம். 0.088 அங்குலம் பார்வைக்கு அழகு, ஆனால் தண்டவாளச் சந்திப்புகள் துல்லியமாக இல்லாவிட்டால் தடுமாறும். பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் நடு உயரம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. கேடீயின் உயர அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எடைக்கு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கப் பரிந்துரை: ஒரு அவுன்ஸ், கூடவே மாடலின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 5.8 அங்குலப் பெட்டிக்கு 3.9 அவுன்ஸ், சுமார் 110 கிராம். எடைக்கட்டியைத் தரையில், இரு ட்ரக்குகளுக்கு மேலாகப் பிரித்து வையுங்கள். உயரத்தில் வைத்தால் வளைவில் சாயும்.

பெயின்ட்

பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, விரல் படாமல் காயவிடுங்கள். சாம்பல் பிரைமர் போட்டதும் கத்திக் கீறல்கள் எல்லாம் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்ய இதுவே தருணம். பென்சில்வேனியாவின் சரக்குப் பெட்டி நிறம் செங்காவி. அது காலத்துக்குக் காலம் மாறியது, வெயிலில் வெளுத்தும் போனது. ஆகவே புட்டியில் எழுதிய பெயரை நம்பி ஒரே நிறத்தில் எல்லாப் பெட்டிகளையும் அடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் துளி மஞ்சளோ பழுப்போ சேர்த்து மாற்றுங்கள். டிகாலுக்கு முன் பளபளப்புப் பூச்சு கண்டிப்பாக வேண்டும்.

எழுத்து

படத்தின் ஆண்டும் சின்னமும் பொருந்த வேண்டும். வட்டத்துக்குள் கீஸ்டோன் (வளைவின் நடுக்கல் வடிவம், பென்சில்வேனியா ரயில்ரோட்டின் சின்னம்) இருக்கும் சின்னம் பழையது. நிழல் விழுந்த மாதிரி இருக்கும் பெரிய கீஸ்டோன் 1954இல் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தடத்தில் நிழல் கீஸ்டோன் நின்றால் தெரிந்தவர் கண் அங்கேதான் போகும். பழைய வட்டச் சின்னமோ, மறுபடி பெயின்ட் அடிக்கும்வரை வருஷக்கணக்கில் நிலைத்திருக்கும்.

எடை எண்களைச் சும்மா நிரப்பாதீர்கள். பெட்டியின் வெற்று எடையும் சுமை வரம்பும் கூடினால், 50 டன் வகைப் பெட்டிக்கு அக்காலத்தில் 1,69,000 பவுண்டு வர வேண்டும். வெற்று எடை 46,400 என்றால் சுமை வரம்பு 1,22,600. டிகால் தாளில் உள்ள எண்கள் இந்தக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால், எண்களை வெட்டிச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். பக்கத்திலேயே எடை பார்த்த இடத்தின் குறியும் மாதமும் ஆண்டும் இருக்கும். அந்தத் தேதி உங்கள் தடத்தின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது, வெகுகாலம் முந்தியதாகவும் இருக்கக்கூடாது. நிஜத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி எடை பார்ப்பார்கள். அப்போது பழைய எண்ணின் மேல் ஒரு சதுரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்துப் புது எண் எழுதுவார்கள். டிகாலுக்கு முன் அந்தச் சதுரத்தைச் சற்று அடர்ந்த நிறத்தில் அடித்துவையுங்கள்.

இதே கவனம் பிற்காலப் பெட்டிகளுக்கும் பொருந்தும். பல நிறக் கோடுகள் கொண்ட ஏசிஐ (பெட்டியைத் தானாக அடையாளம் காணும் முறை) அடையாளப் பட்டை 1967க்கு முன் கிடையாது. சக்கரச் சோதனையைக் காட்டும் மஞ்சள் புள்ளி 1978இன் சமாசாரம்.

அழுக்கு

மங்கல் பூச்சு போட்டுவிட்டு, தண்ணீராகக் கரைத்த கறுப்புப் பழுப்பைக் கதவு மடிப்புகளிலும் ரிவெட் வரிசைகளிலும் ஊறவிட்டு, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். நீராவி எஞ்சின் காலம் என்பதால் கூரையில் கரி அதிகம். எடை பார்த்த சதுரம் மட்டும் சுத்தமாக இருக்கட்டும், அது புதியது. ஒட்டுத் தகட்டின் மேல் விளிம்பில் மெல்லிய துருக்கோடு வரலாம். ட்ரக்கின் பக்கத்தில் தூசிப் பழுப்பு, எண்ணெய்ப் பெட்டி மூடிகளின் அடியில் கறுத்த கசிவு. சக்கரத்தின் முகத்துக்கும் அதே எண்ணெய்க் கறுப்பு பூசுங்கள், ஆனால் தண்டவாளத்தைத் தொடும் பட்டையில் படாமல். பட்டால் கரைப்பானில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு ட்ரக்கைத் திருகி முடுக்குங்கள்.